நிழலிலிருந்து தொடங்குங்கள்: இம்ப்ரஷனிச நிலக்காட்சியைப் பார்க்கும் முறை

கணத்துக்குக் கணம் மாறும் ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரஷனிச ஓவியர்கள் திறந்தவெளியில் நின்று தீட்டிய நிலக்காட்சிகளை வெகுநாள் நான் அவசரமாகவே பார்த்துவந்தேன். இது மரம், இது ஆறு என்று பெயர் சொல்லி முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அவர்களில் ஒருவரான பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மொனே 1868-69 பனிக்காலத்தில் தீட்டிய ‘மேக்பை’ என்னை நிறுத்தியது. பனி மூடிய நிலம், ஒரு வேலி, அதன் படலில் அமர்ந்திருக்கும் மேக்பை என்ற கருப்பு வெள்ளைப் பறவை: அவ்வளவுதான் படம். அசல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது; நல்ல அச்சுப்பிரதியும் போதும்.

முதலில், படத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்று கண்களைப் பாதி மூடுங்கள். விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருளும் மட்டும் மிஞ்சும்.

அடுத்து, சூரியனைத் தேடுங்கள். வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுகிறது. ஆகவே சூரியன் வேலிக்கு அந்தப் பக்கம்.

மூன்றாவது படியில்தான் நான் தடுக்கினேன். அந்த நிழல் என்ன நிறம்? சாம்பல் என்றே பல நாள் நம்பினேன். பனி வெள்ளை, நிழல் சாம்பல் என்று மனம் முன்பே முடிவு கட்டிவிடுகிறது. கண் அதற்குத் தலையாட்டுகிறது. ஓர் அட்டையில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, கண்ணருகே பிடித்து, நிழலை மட்டும் பார்த்தேன். நீலம்! வெயில் படும் பனிக்கு நகர்த்தினேன். இளமஞ்சள் ஏறிய வெண்மை. வெயில் எட்டாத இடத்தையும் வானத்தின் ஒளி எட்டுகிறது. அந்த ஒளி நீலம். இவ்வளவு உண்மையான நிழல் கொண்ட படத்தை 1869-இல் பாரிஸ் சலோன் என்ற அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி ஏற்க மறுத்தது என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அட்டை சாம்பல் நிறமாக இருக்கட்டும். வெள்ளை அட்டை துளைக்குள் தெரியும் நிறத்தை இருட்டாக்கிக் காட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

கடைசியாகத்தான் அருகில் போக வேண்டும். அசலின் முன் நின்றால் தூரிகைத் தீற்றல்களின் திசையைப் பாருங்கள். மொனே 1870-இல் த்ரூவீல் கடற்கரையில் தீட்டிய ஒரு படத்தின் சாயத்தில் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று கொண்டுவந்து சேர்த்த அந்த மணலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பின்சேர்க்கை: துளை வழியாகப் பார்த்தும் நீலம் தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் கைபேசியில், இரவில் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் இரவு அமைப்பு நீலத்தைத்தான் முதலில் குறைக்கும். என் திரையிலும் போட்டுப் பார்த்தேன். நிழல் மறுபடி சாம்பலாகிவிட்டது. அதை அணைத்துவிட்டு மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.