இலை விட்டும் பூக்காத அல்லி

குளத்து அல்லி இலைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது; ஆனால் மொட்டு வைப்பது நின்று, புதிய இலைகளும் சிறுத்து மஞ்சளாகத் தொடங்கின. வெயில் போதவில்லையோ என்று நாள் முழுவதும் வெளிச்சம் விழும் இடத்துக்கு, குளத்துக்குள் அது நட்டிருந்த தொட்டியை நகர்த்தியும் மாற்றமில்லை. நீரில் கரையும் உரமோ பாசியைத்தான் வளர்த்தது.

பிறகுதான் இலைக்காம்புகள் அனைத்தும் தொட்டியின் ஒரே ஓரத்திலிருந்து எழுவதையும், சில இலைகள் மிதக்காமல் நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்பதையும் கவனித்தேன். குளிர் தாங்கும் அல்லி வகைகளின் கிழங்கு கிடையாக ஒரே திசையில் நகர்ந்து வளரும். என்னுடையது தொட்டிச் சுவரில் முட்டி, போக வழியின்றி நின்றிருந்தது.

தொட்டியை வெளியே எடுத்து, வளர்நுனியுடன் சுமார் 15 செ.மீ. நீளத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அழுகி மெத்தென்றிருந்த பழைய பகுதியை வெட்டி எறிந்தேன். அகலமான தொட்டியில் கனத்த களிமண் நிரப்பி, வெட்டிய முனை சுவரை ஒட்டியும் வளர்நுனி நடுவை நோக்கியும் அமையுமாறு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் நட்டேன். நுனி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் அழுகிவிடும். மாத்திரை வடிவ உரத்தை மண்ணுக்குள் ஆழமாகச் செருகி, மேலே கூழாங்கல் பரப்பி, முதலில் ஆழம் குறைந்த நீரில் வைத்து, இலைகள் பரவியபின் சிறிது சிறிதாகக் கீழே இறக்கினேன்.

அந்தப் பருவத்திலேயே மொட்டுகள் வந்தது பெரும் நிம்மதி. செயற்கை நீரூற்றின் தெறிப்பு இலைகளில் படாமலும் பார்த்துக்கொள்கிறேன். அல்லி இலையின் சுவாசத் துளைகள் மேற்பரப்பில்தான் உள்ளன.