மங்கிய ஹெட்லைட்டைத் தேய்க்கும் முன்

பற்பசை போட்டுத் தேய்த்தால் மஞ்சள் பூத்த ஹெட்லைட் பளிச்சென்று ஆகிவிடும். அதில் பொய்யில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதே மஞ்சள் திரும்பி வரும், பல சமயம் முன்பைவிட வேகமாக.

இன்றைய கார்களின் ஹெட்லைட் முகப்பு கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதை வெயிலிலிருந்து காக்க, தயாரிக்கும்போதே மேலே மெல்லிய பூச்சு ஒன்று போட்டிருப்பார்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு கெட்டுப்போவதுதான் நாம் பார்க்கும் மங்கல். ஆக, நாம் தேய்த்து எடுப்பது அழுக்கை அல்ல, மிச்சமிருக்கும் கவசத்தை. எடுத்த இடத்தில் புதிதாக எதுவும் போடாமல் விடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

வேலை தொடங்குமுன் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்து, உள்ளே நீர்த்திவலைகள் தெரிந்தால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. சீல் விட்டிருக்கும், அல்லது காற்றுத்துளை அடைத்திருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும்.

கொசு விரட்டி ஸ்பிரே அடித்துத் துடைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடுகிறது. பளபளப்பு அதனால் வருவது. பக்கத்துப் பெயின்டில் வழிந்தால் அதற்கும் கேடு. தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். பாலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்துவிடும்.

வாட்டர் பேப்பரில், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில்தான் அவசரம் அதிகம் தெரியும். தாளின் எண் கூடக் கூட அது நைசாக இருக்கும். 800-இல் தொடங்கி நேராக 3000-க்குத் தாவினால், முரட்டுத் தாள் விட்ட கோடுகள் அப்படியே நிற்கும். பாலிஷ் அவற்றை மறைக்காது. 800, 1000, 2000, 3000 என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கோடு போனதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். தாளும் விளக்கும் எப்போதும் நனைந்தே இருக்கட்டும். முதல் தாளில் வழிகிற நீர் மஞ்சளாக வரும். அது பால்போல வெள்ளையாகும் வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். அங்கங்கே பழைய பூச்சு மிச்சமிருந்தால் கடைசியில் திட்டுத்திட்டாகத் தெரியும். தேய்த்து முடிக்கையில் விளக்கு முன்னிலும் மங்கலாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்ட மறந்தால் பம்பரிலும் பானெட் ஓரத்திலும் கீறல் விழும்.

மெஷினில் பாலிஷ் போடுகிறவர்கள் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

அடுத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. சாதாரண வேக்ஸ் இதற்கு ஈடாகாது, சீக்கிரமே கழுவிப் போய்விடும். பூசுமுன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், பிறகு விரல் வைக்காதீர்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. உச்சி வெயிலிலோ தூசி பறக்கும் இடத்திலோ பூச வேண்டாம். கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் வழிந்து கோடாக நிற்கும்; மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் முடியும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் இரவில் வெளிச்சம் குறைவாகவே இருந்தால், உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் கருத்திருக்கலாம். அதற்கு வாட்டர் பேப்பர் மருந்தல்ல, ஹெட்லைட்டையே முழுதாக மாற்ற வேண்டியிருக்கும்.