மரத்தரையில் டிரெட்மில் வைக்கும் முன்

காட்பாடி காந்தி நகரில் என் தங்கை வீட்டு மாடியறைக்கு மரத்தரை. டிரெட்மில்லுக்கு அடியில் கறுப்பு ரப்பர் விரிப்பை நேராகப் போட்டிருந்தார்கள். ஒரு கோடை கழித்து எடுத்துப் பார்த்தால், விரிப்பின் அளவுக்கே மஞ்சள் கறை! எவ்வளவு துடைத்தும் போகவில்லை. ரப்பரில் கலந்துள்ள சில வேதிப்பொருள்கள் மெல்லக் கசிந்து தரையின் மேல்பூச்சில் ஊறிவிடுகின்றன. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே ரப்பர் மரத்தைத் தொடவே வேண்டாம். முதலில் மெல்லிய கார்க் விரிப்பு, அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், அதற்கும் மேல் ரப்பர். பிளைவுட் கறையைத் தடுப்பதோடு, இயந்திரத்தின் பாரத்தையும் பரவலாக்கும். கால்கள் பதிந்து தரையில் குழி விழாது. டிரெட்மில்லுக்கும் சைக்கிளுக்கும் 8 முதல் 10 மி.மீ. ரப்பர் போதும். டம்பெல்லைக் கீழே போடும் பழக்கம் உள்ளவர்கள் 20 மி.மீ. வாங்குங்கள்.

ஒன்றோடொன்று கோத்துப் போடும் மெத்தென்ற ஃபோம் விரிப்பு விலை குறைவுதான். யோகாசனத்துக்கு நன்றாக இருக்கும். கனமான இயந்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். அமுங்கி, ஓடும்போது இயந்திரம் ஆடும்.

விரிக்கும் முன் தரையை நன்றாகப் பெருக்குங்கள். அடியில் சிக்கிய மணல் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். வியர்வை வடிந்தால் அன்றே துடையுங்கள், மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கி ஈரம் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.