டிஎல்எல் காணவில்லையா? தனிக் கோப்பை இறக்காதீர்கள்

ஏதோ ஒரு கேமைத் திறந்ததும் "விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். (டிஎல்எல் என்பது புரோகிராம்கள் இயங்கத் தேவையான துணைக் கோப்பு.) உடனே கூகுளில் அந்தப் பெயரைத் தேடி, கண்ணில் பட்ட தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போடுவார்கள். வேண்டாம். கூடவே வைரஸும் வரலாம். வராவிட்டாலும் பதிப்பு பொருந்தாமல் வேறு பிழை கிளம்பும்.

அந்த டிஎல்எல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பைச் சேர்ந்த கோப்பு. அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்64 (64 பிட்டுக்கானது), எக்ஸ்86 (32 பிட்டுக்கானது) இரண்டையும் நிறுவுங்கள். 32 பிட் புரோகிராம் எக்ஸ்86-ஐத்தான் தேடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். (64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-க்குள்! பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.)

விண்டோஸின் சொந்தக் கோப்பே போயிருந்தால் வேறு வழி. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, முன்சாய்வுக் கோடு, ஒட்டியே ஸ்கேன்நவ் என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். 100 சதவீதம் வரும்வரை மூடாதீர்கள். சேதமான கோப்புகளை முடிந்தவரை அதுவே மாற்றிவிடும்.

அப்புறம், ஆன்டிவைரஸின் குவாரன்டைன் (சந்தேகக் கோப்புகளை ஒதுக்கி வைக்கும் இடம்) பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். சில நேரம் கோப்பைப் பிடித்து உள்ளே வைத்திருப்பது அதுதான்.