இமயமலைக் காசித்தும்பையை ஆற்றங்கரையிலிருந்து ஒழிப்பது எப்படி?

ஊர்த் தோட்டத்துக் காசித்தும்பைக் காயை விரலால் அழுத்தி வெடிக்கவைத்தவர்களுக்கு இந்தச் செடியின் குணம் தெரியும். பிரிட்டன் ஆற்றங்கரைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பது அதன் இமயமலைச் சொந்தம். ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டரை மீட்டர்வரை வளரும். 1839இல் அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். முற்றிய காயைத் தொட்டால் போதும், தோல் ஐந்து கீற்றாகச் சுருண்டு தெறித்து, விதையை ஏழு மீட்டர்வரை வீசும். ஒரு செடியில் சுமார் 800 விதை. குளிர்காலத்தில் செடி மடிந்துபோக, கரை மொட்டையாகிறது. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது.

மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம்வரை பிடுங்குங்கள். அதற்கு முன்னால் நாற்று சின்னதாக இருக்கும், கண்ணில் படாமல் தப்பும். பிந்தினால் காய் முற்றிவிடும். சிவப்பேறிய, உள்ளே குழலான தண்டும், கணுவுக்கு இரண்டு மூன்றாக நிற்கும் பல்விளிம்பு இலையும் அடையாளம்.

ஆற்றின் மேல்பகுதியில் தொடங்கி நீரோட்டத்தோடு கீழே இறங்குங்கள். கீழே மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த வெள்ளம் மேலிருந்து புது விதையைக் கொண்டுவந்து போடும். பலரின் உழைப்பு வீணாவது இங்கேதான்.

தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். வேர் மேலாக ஓடுவதால் சுலபமாக வரும். உச்சியைப் பிடித்தால் நடுவில் ஒடியும். கத்தரிப்பதானால் தரையோடு ஒட்டி, கடைசிக் கணுவுக்கும் கீழே வெட்ட வேண்டும். ஒரு கணு மிஞ்சினாலும் பக்கக் கிளை விட்டு, குட்டையாகவே பூத்துக் காய்த்துவிடும். பிடுங்கியதை ஈரமண்ணில் போட்டால் கணுவில் வேர் விடும். தண்டை ஒடித்து, வெள்ளம் எட்டாத மேட்டில் குவித்து வாடவிடுங்கள்.

காய் வந்துவிட்டதா? செடியை அசைக்காமல் அதன் உச்சிமேல் பையை மாட்டிக் கட்டி, அப்புறம் பிடுங்குங்கள். பூட்ஸ் அடியையும் சட்டை மடிப்பையும் அங்கேயே தட்டிவிடுங்கள்.

மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி ஒரு சுற்று போங்கள். பிந்தி முளைத்தவை மற்ற செடிகளின் நிழலில் ஒளிந்திருக்கும். விதை மண்ணில் ஏறத்தாழ இரண்டு வருஷம் உயிரோடு இருக்கும், ஆகவே மூன்று கோடைக்காவது வேலை உண்டு. தேனீ வளர்ப்பவர்கள் முணுமுணுப்பார்கள். இலையுதிர்காலத் தேனுக்கு இந்தப் பூ அவர்களுக்கு வேண்டும். களைக்கொல்லியை நாடாதீர்கள்: இங்கிலாந்தில் தண்ணீர் ஓரம் அடிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும், கரையைப் பிடித்திருக்கும் மற்ற புல்லும் கருகிப்போகும்.