வயலில் கிடைத்த சாம்பல் நிற வில்லை

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் வயலில், கழன்று விழுந்த கலப்பைக் கொழுவைத் தேட மெட்டல் டிடெக்டர் ஓட்டினேன். கொழுவோடு, சுண்டுவிரல் நகமளவில் சாம்பல் நிற வில்லை ஒன்றும் கிடைத்தது. “வீச்சுவலை ஈயமா இருக்கும், தூக்கிப் போடு” என்றார் சித்தப்பா.

ஈயம்தான். அளவுக்கு மீறிய கனம், காந்தம் ஒட்டவில்லை, மேலே வெள்ளைப் பூப்பு. ஆனால் வலை ஈயத்தில் கயிறு நுழையத் துளை இருக்கும், இதில் இல்லை.

புளி போட்டுத் தேய்க்கலாம் என்றார் சித்தி. கூடவே கூடாது. புளி, வினிகர் எல்லாம் ஈயத்தை அரித்துவிடும். மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் மெல்ல எடுத்தேன். அப்புறம் இருட்டறையில் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வில்லையைச் சுற்றிக்கொண்டே வந்தேன். ஒரு கோணத்தில் சட்டென்று கிரீடம் தெரிந்தது; அதன் கீழே பின்னிக்கிடக்கும் எழுத்துகள். எனக்குச் சிலிர்த்துவிட்டது!

டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஈயத்திலும் காசு அடித்தார்கள். கிரீடத்தின் கீழ் அரசர் பெயரின் முதலெழுத்து அவர்கள் முத்திரை.

ஈயம் நஞ்சு, தொட்டால் கை கழுவுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடத்தைக் குறித்து, போட்டோவோடு மனு கொடுத்துவிட்டோம்.