ஜாவா ஆப்பை கோட்லினுக்கு மாற்றலாமா? ஒரே ஒரு ஃபைலை வைத்து முடிவெடுக்கும் வழி

ஆண்ட்ராய்டு ஆப்களை ஜாவா, கோட்லின் என்ற இரண்டு நிரல் மொழிகளிலும் எழுதலாம். ஆண்ட்ராய்டு எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அண்ணா, ஜாவாவே போதுமா, கோட்லினுக்குப் போயிடலாமா?" இன்றுதான் முதல் ஆப்பை எழுதப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோட்லினில் தொடங்குங்கள். ஜாவாவில் எழுதி, நாலு பேர் தினமும் பயன்படுத்தும் ஆப் ஏற்கெனவே கையில் இருந்தால்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்தப் பதிவு அப்படி ஆப் வைத்திருப்பவர்களுக்கானது.

படி 1: எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள்

புது மொழியின் பெருமைகளைப் படிப்பதற்கு முன், ஆப்பை வெளியிடுபவர்களுக்கான கூகுளின் தளமான ப்ளே கன்சோலைத் திறந்து, கடந்த 28 நாட்களில் உங்கள் ஆப் எங்கெங்கே க்ராஷ் ஆனது என்று பாருங்கள். பெரும்பாலானவை எந்த வகை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பட்டியலில் முதலிடம் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷனுக்கு, அதாவது மதிப்பே இல்லாத ஒன்றைப் பயன்படுத்தப் போய் வரும் பிழைக்கு. ஒரு மளிகைக் கடைக்கு டெலிவரி ஆப் எழுதியிருந்தேன். முகவரியில் 'அடையாளம்' என்று ஒரு பெட்டி உண்டு. பிள்ளையார் கோயில் எதிரில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்றெல்லாம் எழுதுவதற்கு. சிலர் அதை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். அப்போது சர்வரிலிருந்து வருவது 'நல்', அதாவது மதிப்பே இல்லாத நிலை. டெலிவரிக்குப் போகிற பையன் வெயிலில் வண்டியை நிறுத்தி ஆர்டரைத் தொட்டதும் ஆப் மூடிக்கொள்ளும். அந்த ஒரு பெட்டியால் ஒரு வாரம் அவன் கடைக்கு ஃபோன் போட்டு முகவரி கேட்டுக்கொண்டிருந்தான்.

நல் ரெஃபரன்ஸை 1965-இல் அறிமுகப்படுத்திய கணினி அறிஞர் டோனி ஹோரே, 2009-இல் அதைத் தன்னுடைய 'பில்லியன் டாலர் தவறு' என்று சொன்னார். கோட்லின் நேரடியாகக் கைவைப்பது இந்த இடத்தில்தான். ஒரு மதிப்பை ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று அறிவித்தால் அதில் நல் வைக்கவே கம்பைலர், அதாவது கோடை மொழிபெயர்க்கும் கருவி, விடாது. காலியாக இருக்கலாம் என்றால் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு 'ஸ்ட்ரிங்?' என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால், காலியாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் அதைத் தொட முடியாது.

உங்கள் தாளில் இருப்பது மெதுவான சர்வர், குழப்பமான திரை வடிவமைப்பு என்றால், மொழியை மாற்றுவதால் அவை தீராது.

படி 2: மொழியின் வயதையும் அதற்குப் பின்னால் நிற்பவர்களையும் பாருங்கள்

ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் கோட்லினை 2011-இல் வெளியே காட்டியது. 1.0 பதிப்பு வந்தது 2016 பிப்ரவரியில். 2017 மே மாதம் கூகுள் அதை ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாகச் சேர்த்தது, 2019-இல் 'இனி முதலிடம் கோட்லினுக்கு' என்று அறிவித்தது. 2021 ஜூலையில் 1.0 ஆக வந்த, திரைகளை வடிவமைக்கும் கூகுளின் கருவியான ஜெட்பேக் கம்போஸில் திரைகளைக் கோட்லினில்தான் எழுத முடியும்.

வயது ஏன் முக்கியம்? ஐஃபோன் ஆப்கள் எழுத ஆப்பிள் 2014-இல் ஸ்விஃப்ட் என்ற மொழியைக் கொண்டுவந்தது. உடனே குதித்தவர்கள், 2016-இல் ஸ்விஃப்ட் 3 வந்தபோது பழைய கோடில் நிறைய இடங்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பைனரி அளவில் (கம்பைல் செய்த வடிவில்) அது நிலைத்தது 2019-இல், ஸ்விஃப்ட் 5-இல்தான். கோட்லின் அந்தக் குழந்தைப் பருவத்தை எப்போதோ தாண்டிவிட்டது. வேறொரு புது மொழியை எடைபோடும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

படி 3: ஒரு ஃபைலை மாற்றிப் பாருங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் முழுசாக ஒதுக்குங்கள். கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் (Git) புது பிராஞ்ச், அதாவது தனிக் கிளை, ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மெயின் பிராஞ்சைத் தொடாதீர்கள்.

திரை ஃபைலை எடுக்காமல், தகவலை மட்டும் வைத்திருக்கும் சின்ன கிளாஸ் ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது முகவரி கிளாஸ். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஃபைலைத் திறந்து, கோட் மெனுவில் 'கன்வெர்ட் ஜாவா ஃபைல் டு கோட்லின் ஃபைல்' என்பதை அழுத்துங்கள். ப்ராஜெக்டில் கோட்லின் இன்னும் அமைக்கப்படவில்லை என்றால் ஸ்டூடியோவே கேட்கும், சம்மதியுங்கள்.

மதிப்பை எடுக்கும் கெட்டர், வைக்கும் செட்டர், ஈக்வல்ஸ், டூஸ்ட்ரிங் எல்லாம் சேர்ந்து 90 வரி இருந்த கிளாஸ் அது. மாற்றியதை, இவற்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும் 'டேட்டா கிளாஸ்' என்று நானே கொஞ்சம் ஒழுங்குபடுத்தியதும் 7 வரியில் அடங்கியது. அதை அழைக்கும் மற்ற ஜாவா ஃபைல்களில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கோட்லின் ப்ராப்பர்ட்டி ஜாவாவின் கண்ணுக்குப் பழைய கெட்டர், செட்டராகவே தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பதுதான் இந்த மாற்றத்தின் பெரிய பலம்.

இனி கவனமாகப் பார்க்க வேண்டியது '!!' குறி. மதிப்பு காலியா இல்லையா என்று தெரியாத இடங்களில் தானியங்கி மாற்றம் இந்த இரண்டு ஆச்சரியக்குறிகளைப் போட்டுவிடும். 'இங்கே நல் வராது, நான் பொறுப்பு' என்று பொருள். வந்துவிட்டால் பழைய க்ராஷ் அப்படியே திரும்பும். ஒவ்வொரு '!!'-க்கும் முன்னால் நின்று, உண்மையிலேயே காலியாக வராதா என்று யோசித்துத் திருத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கோட்லினுக்கு வந்தும் பயனில்லை.

படி 4: இரண்டு மொழிகளும் சந்திக்கும் எல்லையைச் சோதியுங்கள்

ஜாவாவிலிருந்து வரும் மதிப்பு காலியா இல்லையா என்பது கோட்லின் கம்பைலருக்குத் தெரியாது, சோதிக்காமல் விட்டுவிடும். அதனால் மிச்சமிருக்கும் ஜாவா மெத்தட்களுக்கு மேலே 'நல் வரலாம்', 'நல் வராது' என்று கம்பைலருக்குச் சொல்லும் நல்லபிள், நான்நல் அனொட்டேஷன்களைப் போட்டு வையுங்கள்.

என்னை உண்மையில் கலங்கடித்தது வேறு. 'அடையாளம்' பெட்டியைக் கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங்காக அறிவித்துவிட்டு, இனி பயமில்லை என்று தூங்கப் போனேன். மறுநாள் அதே க்ராஷ். சர்வர் தகவல் அனுப்பும் வடிவமான ஜேசனைப் படிக்க நான் வைத்திருந்த பழைய ஜாவா லைப்ரரி, கோட்லினின் விதியைக் கண்டுகொள்ளாமல் ரிஃப்ளெக்ஷன் (ஆப் ஓடும்போதே கிளாஸுக்குள் கைவைக்கும் வழி) வழியாக உள்ளே புகுந்து நல்லை வைத்துவிட்டது. கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் போல மொழியை அறிந்த லைப்ரரிக்கு மாறி, அந்தப் பெட்டியை 'ஸ்ட்ரிங்?' என்று திருத்திய பிறகுதான் தீர்ந்தது. உங்கள் சோதனை ஃபைலிலும் ஒரு மதிப்பை வேண்டுமென்றே காலியாக அனுப்பிப் பாருங்கள்.

ஆப்பை உருவாக்க ஆகும் பில்ட் நேரத்தையும், ஆப்பை நிறுவும் ஃபைலான ஏபிகேயின் அளவையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொண்டால் போதும்.

படி 5: உங்களோடு எழுதுகிறவர்களைக் கேளுங்கள்

அந்த மாற்றிய ஃபைலை உங்கள் குழுவில் கோட்லின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரு சின்னத் திருத்தம் செய்யச் சொல்லுங்கள். அரை நாளில் முடித்துவிட்டார் என்றால் நம்பிக்கையோடு இறங்கலாம். குழுவில் கோட்லின் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் வேலை மாறப் போகிறார் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் பிழை திருத்தும் பழைய ஆப் என்றால் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஜாவாவைக் கைவிடவில்லை.

படி 6: சரி என்று பட்டால், இந்த வரிசையில்

முதலில் டெஸ்ட்களை கோட்லினில் எழுதுங்கள், தவறினாலும் பயனாளரைத் தொடாது. அடுத்து, புதிதாகச் சேர்க்கும் திரைகள். பழைய ஃபைலை வேறொரு வேலைக்காகத் திறக்கும்போது மட்டும் மாற்றுங்கள். மாற்றத்தையும் புது வசதியையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒருமுறை சேமிப்பது) போடாதீர்கள், பிழை வந்தால் எதனால் வந்தது என்று தேடித் தவிப்பீர்கள்.

என் மளிகை ஆப்பில் இன்றும் 11 ஜாவா ஃபைல்கள் இருக்கின்றன. ப்ளூடூத் ப்ரிண்டரில் பில் அடிக்கும் கோட் அவற்றில் ஒன்று. அது இதுவரை ஒருமுறைகூட க்ராஷ் ஆகவில்லை, நானும் அதைத் தொடவில்லை.